செயலிக்கு வெளியிலிருந்து ஒரு கேள்வி

1

க்ளூஜ் நகரத்தில் ஒரு மருந்துக்காக நான் கடை கடையாக அலைந்த எரிச்சலில் பிறந்த கதை இது. எந்தக் கடையில் எந்த மருந்து இருக்கிறது என்று காட்டும் கைபேசிச் செயலி ஒன்றை இங்கே இரண்டு பேர் நடத்துகிறார்கள். நிரல் எழுதுபவள் ஸ்மரந்தா. பணம் போட்டவன் அவளுடைய கல்லூரித் தோழன் ட்ராயான். யாரோ ஒருவன் செயலியைத் தொடாமலே, சொந்த நிரல் ஒன்றை ஏவிவிட்டு, இவர்களுடைய சர்வரிடம் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

"யாருடி அவன், நம்ம சோத்தைத் தின்னுட்டுப் போறான்? கதவைச் சாத்து!" என்றான் ட்ராயான்.

2

('ஸ்மரந்தா நேர்மையானவள், அவள்…' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். அவளிடம் முதலில் தெரிவது ஆர்வம்தான்.)

சாத்தினாள். செயலிக்குள் ரகசியச் சாவி ஒன்றை வைத்து, அதைக் காட்டினால்தான் சர்வர் பேசும் என்று மாற்றினாள். மறுநாளே கேள்விகள் பழையபடி வந்தன.*

*செயலி எல்லார் கையிலும் இருக்கிறது. பிரித்தால் சாவியும் கிடைக்கும். வீட்டைப் பூட்டிச் சாவியை வாசலிலேயே மாட்டிய கதை. இந்தத் தொழிலில் பலரும் செய்கிற தவறுதான்.

"கெட்டிக்காரன்டா!" என்று சிரித்துவிட்டாள்.

"நீ வேற, அவனுக்கு மாலை போடு!"

அடுத்த பூட்டு கெட்டி. கேட்பது அசல் செயலிதான் என்று கைபேசியே சான்று தரவேண்டும். அதைப் போடுமுன், அந்த ஆள் அப்படி என்னதான் கேட்கிறான் என்று பார்த்தாள். ஒரே மருந்து. குழந்தைகளின் வலிப்புக்குக் கொடுப்பது. ஊரெல்லாம் தட்டுப்பாடு, வந்த சூட்டோடு தீர்ந்துவிடும்.

3

"டேய், இது யாரோ பெத்தவன்டா."

"பதுக்கல்காரனா இருந்தா? எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுவான். அப்ப மத்த பிள்ளைங்க கதி?"

இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன். தகப்பன் என்றால் கண்ணீர் மலிவாக வருகிறது. பதுக்கல்காரன் என்றால், அவன் ஒருநாள்… [வாக்கியம் நகர மறுக்கிறது.]

ஸ்மரந்தா என்னைவிடத் துணிச்சல்காரி. சர்வர் அனுப்பும் பதிலின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: "நீங்க யாரு?"

கேள்விகள் நின்றன. ஐயோ, பயந்து ஓடிவிட்டானோ என்று எனக்கே பதறியது.

பிறகு, மருந்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் இப்படி வந்தது: "என் பொண்ணுக்குத்தான். கதவைச் சாத்திடாதீங்க."

"பாத்தியா!" என்றாள்.

"பதுக்குறவனும் இதையேதான்டி எழுதுவான்." ஆனால் ட்ராயானின் குரல் இறங்கியிருந்தது.

4

அவன் யார் என்று எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். பூட்டு தயார், ஒரு தட்டு தட்டினால் போதும். ஊரின் மனஷ்தூர் பகுதியில் ஒரு கடைக்கு அந்த மருந்து இப்போதுதான் வந்திருக்கிறது, ஒரே ஒரு பெட்டி. அவனுடைய நிரல் மறுபடி கேட்கத் தொடங்கிவிட்டது. ஸ்மரந்தா விசையில் விரலை வைத்தபடி என்னைப் பார்க்கிறாள். நான் உங்களைப் பார்க்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்.