கழுவிய வால்வு

முகிலன் அமீரகத்தின் புஜைரா துறைமுகத்தில் ஒரு மீன் குளிர்க்கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி. கோயம்புத்தூர்க்காரர். அழுக்கைக் கண்டால் அவருக்கு ஆகாது. கழுவி வைத்த டம்ளரை இன்னொரு முறை அலசினால்தான் மனம் ஆறும். கிடங்கைக் குளிரவைக்கும் அம்மோனியா கசிந்தால் மாட்டிக்கொண்டு போக மூச்சுக்கருவி ஒன்று இருந்தது. அதன் முகமூடியில் ஒரு வால்வு. மூச்சை இழுத்தால் திறந்து காற்றுத் தரும். மறுநாள் ஆடிட் என்றதும், பயிற்சியில் யார் யாரோ எச்சில் படுத்தியதாயிற்றே என்று, அந்த வால்வையும் சோப்புத் தண்ணீரில் முக்கி அவரே கழுவினார். ஆகஸ்ட் புழுக்கத்தில் கைக்குட்டைகூடக் காயாது. மேலாகத் துடைத்து மாட்டி வைத்தார். பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போட!

ஆடிட்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மோனியாக் குழாய் வெடித்தது. எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அஸ்கர் அலியை மட்டும் காணோம்.

"நான் பாத்துட்டு வர்றேன் சார்," என்று ஃபோர்மேன் கௌஸ் முகைதீன் கருவியை மாட்டிக்கொண்டு நுழைந்தார். உள்ளே குளிர் மைனஸ் இருபத்தைந்து டிகிரி.

அஸ்கர் அலி பின்வாசல் வழியாக இருமிக்கொண்டே வந்து சேர்ந்துவிட்டான். அவனைத் தேடிப் போனவர் வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் பிணமாகத் தூக்கிவந்தபோது அவர் முகத்தில் முகமூடி இல்லை. கழற்றி எறிந்திருந்தார்.

கருவியை வெளியே வெயிலில் வைத்துச் சோதித்தார்கள். அதற்குள் வால்வில் உறைந்த ஈரம் உருகி, உருகியதும் காய்ந்து, காற்று வெண்ணெய் மாதிரி வந்தது. கருவியில் பழுதில்லை, பதற்றத்தில் ஆள் தானே கழற்றிவிட்டார் என்று முடித்துவிட்டார்கள். முகிலனுக்கு மட்டும் தான் கழுவிய வால்வு நினைவுக்கு வந்தது.

"யாரும் கேக்கலியே, நீங்க எதுக்கு வாயத் தொறக்கறீங்க?" என்றாள் மனைவி தன்யா. "பொண்ணு படிப்பு என்னாகறது?" அவர் வாயைத் திறக்கவில்லை.

கௌஸின் மனைவிக்குத் தம்பி ராஜிக், பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவன், ஒருநாள் கிடங்குக்கே வந்தான்.

"மச்சான் பயந்துபோயி கழட்டிட்டாருன்னு ஊரெல்லாம் பேச்சு சார். ராத்தா சோறு தண்ணி இல்லாம கெடக்கு. நெசமாவா?"

கருவியைச் சோதித்த ஆளை முகிலன் வரவழைத்தார். இருவர் கண்முன்னாலும் அதே வால்வைக் கழுவி, அதே மாதிரி மேலாகத் துடைத்து மாட்டிக்கொண்டு குளிர் அறைக்குள் போனார். வாயு இப்போது இல்லை, குளிர் இருந்தது. இருவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடவே நின்றார்கள்.

முதலில் காற்று நன்றாகத்தான் வந்தது. பிறகு ஒரு மூச்சு பாதி வந்தது. அடுத்தது வரவே இல்லை. இழுத்தார், நெஞ்சு வெடிக்க இழுத்தார். கழற்றக் கூடாது, கழற்றக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தார். கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. முகமூடியைப் பிய்த்து எறிந்தது. அவருக்குக் கிடைத்தது வெறும் குளிர்காற்று. கௌஸுக்குக் கிடைத்தது அம்மோனியா.

வெளியே வந்ததும் ராஜிக் கேட்டான். "அப்ப மச்சான் பயப்படல?"

"இல்லீங்க. நாந்தான் கழுவி, ஈரத்தோட மாட்டி வெச்சேன்."

ராஜிக் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கேயே நின்று ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டான். "ராத்தா, மச்சான் பயப்படல. மூச்சே வரலயாம்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு போனை முகிலனிடம் நீட்டினான்.

கணவன் இறந்தபின் இத்தா என்னும் துக்கக் காலத்தில் இருக்கும் பெண் அந்நிய ஆணோடு பேசும் வழக்கமில்லை.

"அவர்ட்ட குடுன்னு சொல்லுது சார்," என்றான்.