தேர்ட் மேனில் நிற்பவன்

சோலைமலை யார் சொல்லையும் நம்பமாட்டார். போடிப் பக்கம் சிலமலைக்காரர். மாநில அணிக்கு எட்டு வருடம் விக்கெட் கீப்பராக நின்றதில் விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி கோணிப்போயிருந்தன. பேப்பர்க்காரன் கூட்டி எழுதுவான், கோச்சு தன் ஆளைத் தூக்கிப் பேசுவான், மாமன் மச்சான் காலில் விழுவான். பந்து கையில் வந்து விழும்போது மட்டும் பொய் சொல்லாது என்பார். ஜில்லா அணிக்கு ஆள் எடுக்கும் செலக்டர் ஆன பிறகும் அதே புத்திதான்.

ஒரு கோளாறு உண்டு. வேண்டாம் என்று ஒருத்தன் முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்கு வராது. எடுத்த பேர்களை மட்டும் எழுதி ஒட்டச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார். அவரை மாநில அணியிலிருந்து கழற்றிவிட்ட அன்றைக்கு மைதானத்து வாசலில் ஒருத்தன், "ஒங்க பேரு இல்லண்ணே" என்றான். அவர் நம்பவில்லை. உள்ளே போய் வெள்ளை உடுப்பை மாட்டி, பேடு கட்டி, ஆட்டம் முடியும் மட்டும் அறையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகச் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

எண்பத்தொன்று, ஐப்பசி. ஜில்லா அணியில் ஓர் இடம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஆட்டம். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஹபீப் ரஹ்மான் தன் ஜீப்பில் அவரை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போனார். அங்கே ஏலத்தோட்டத்து அணிக்கு ஹபீப்தான் கேப்டன்.

"சின்னமுத்துன்னு ஒருத்தண்ணே. காய் ஒணத்துற ஸ்டோர்ல வெறகு போடுறான். எடது கை. பந்து பாம்பாட்டம் திரும்பும். ஜில்லாவுக்கு ஆடிட்டான்னா ரயில்வேல சோலி போட்டுத் தர்றேன்னுருக்காக. ஆத்தாளும் ரெண்டு தங்கச்சியும் அவனத்தான் நம்பி இருக்குதுக."

"ஒம்ம ஏலக்காயும் பூராம் பருவெட்டு, மொதல் தரம்னுதான்யா சொல்வீரு. சாக்கப் பிரிச்சாத்தான தெரியும்."

ஹபீப் சிரித்தார். "பிரிச்சுப் பாருங்க."

ஸ்டோருக்குப் பின்னால் சரிவை வெட்டிச் சமமாக்கிய மைதானம். மூன்று பக்கம் ஏலச்செடி. நாலாவது பக்கம் ஒன்றுமே இல்லை, பள்ளம். வந்திருந்த எதிரணி பக்கத்துத் தோட்டம். சின்னமுத்து நன்றாகத்தான் போட்டான். சோலைமலை தலையை ஆட்டவில்லை, திட்டவும் இல்லை.

மத்தியானம் மஞ்சு இறங்கியது. பள்ளத்தின் விளிம்பு முதலில் மறைந்தது. ஆட்டத்தை நிறுத்தவில்லை, அங்கே அது வழக்கம். அப்போது ஒருத்தன் வெட்டி அடித்த பந்து கீப்பருக்குப் பின்னால், தேர்ட் மேன் நிற்கவேண்டிய பள்ளத்தோரம், மஞ்சுக்குள் போனது. துரத்தி ஒருத்தனும் ஓடவில்லை. அடித்தவன் ஓர் ஓட்டம் ஓடி நின்றுகொண்டான். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மஞ்சுக்குள்ளிருந்து பந்து வந்தது. தாழ்வாக, கோடு கிழித்த மாதிரி, ஸ்டம்புக்கு நேர் மேலே.

சோலைமலை எழுந்துவிட்டார். இன்னொரு முறை அதே பக்கம் பந்து போனது, அதே எறி. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடுவிடுவென்று உள்ளே போய்த் தோட்டத்துக் கீப்பரிடம் கையை நீட்டினார்.

"கிளவுஸக் கொண்டா. நீ போயி உக்காரு."

"அண்ணே, வேணாம்ணே" என்றார் ஹபீப். சிரிப்பு போயிருந்தது.

மூன்றாவது எறி அவர் கையில் விழுந்தது. அத்தனை வருடத்தில் அப்படி ஒரு எறி அவர் கைக்கு வந்ததில்லை. கிளவுஸைத் தாண்டி எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. பந்து நனைந்து, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி இருந்தது.

அவர் மஞ்சைப் பார்த்துக் கத்தினார். "ஏய் தம்பி! தேர்ட் மேன்ல நிக்கிறவனே! இங்கிட்டு வாப்பா. ஒன்னயத்தான் எடுத்துருக்கேன். மதுரைக்கு வா!"

மற்றவர்கள் மஞ்சை விட்டு இரண்டடி பின்வாங்கினார்கள். சின்னமுத்து மட்டும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன காரியம் பண்ணிட்டீகண்ணே" என்றார் ஹபீப். "அங்க ஆளு கெடையாது. நாங்க பத்துப் பேருதான் ஆடுறோம்."

"அப்ப எறியிறது யாரு, ஒங்க பாட்டனா?"

"சுடலை. மூணு வருசத்துக்கு முந்தி இதே மஞ்சுல பந்தத் தொரத்திக்கிட்டுப் போயி பள்ளத்துல விழுந்துட்டான். தூக்குறப்போ கையில பந்து இருந்துச்சு. அந்தப் பந்த மட்டுந்தான் அவன் எறியல. அவன் எடத்துல யாரையும் நிறுத்துறதில்ல. ஆனா ஒருத்தரும் அவன வான்னு கூப்பிட்டதில்ல. கூப்பிட்டா வந்துருவாண்ணே."

சோலைமலை கிளவுஸைக் கழற்றி எறிந்தார். "எல்லாம் சேந்து எனக்குக் கதை கட்டுறீகளாக்கும். சின்னமுத்து, பைய எடு. நீயே வா."

ஜீப்பு இறங்கியது. முன்னால் ஹபீபும் அவரும், பின்னால் சின்னமுத்து. வளைவுக்கு வளைவு வண்டி பாரம் ஏற்றினது போல அழுந்தித் திரும்பியது. வெயில் எட்டும் இடம் வந்த பிறகும் வண்டிக்குள் மஞ்சு விலகவில்லை.

"ஐயா" என்றான் சின்னமுத்து மெதுவாக. "எம் பக்கத்துல சீட்டு நனைஞ்சிருக்கு."

ஹபீப் வண்டியை ஓரம்கட்டினார். அவர் உதடு ஓதிக்கொண்டிருந்தது. சோலைமலை திரும்பிப் பார்த்தார். சின்னமுத்து ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தான். மீதிச் சீட்டில் குழி விழுந்து, அதில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"கூப்பிட்டது நீங்க. நீங்கதான் சொல்லணும்" என்றான் அவன். "இருக்குறது ஒரு எடம். எனக்கா, அவனுக்கா?"

சோலைமலை இறங்கிப் பின்பக்கம் வந்து நின்றார். ஆயுசில் முதல் தடவையாக முகத்துக்கு நேராகச் சொன்னார், முகம் இல்லாத இடத்தைப் பார்த்து.

"சுடலை. ஒன் கை மாதிரி ஒரு கை நான் பாத்ததில்லப்பா. ஆனா எடம் இல்ல. இந்தப் பய வீட்டுல சாப்பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்காக. நீ போயிரு."

பிறகு ஜீப்பின் வில்லுப்பட்டை கிறீச்சிட்டு வண்டி ஒரு பக்கம் எழும்பியது, ஆள் இறங்கினாற்போல. ரோட்டோரத்துப் புல் ஒரு ஆள் அகலத்துக்குச் சாய்ந்து நிமிர்ந்தது.

"போயிட்டான்" என்றார் ஹபீப்.

சோலைமலை அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டே வண்டி ஏறினார். வேண்டாம் என்று சொன்னதை எந்த ஆட்டக்காரன் நம்பியிருக்கிறான்?

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் மண்டை பிளக்கும் வெயில். சின்னமுத்து போட்ட பந்தை ஒருத்தன் வெட்டி தேர்ட் மேன் பக்கம் விட்டான். அங்கே ஆள் இல்லை. தாராளமாக இரண்டு என்று ஓடினான். பாதி வழியில் இருக்கும்போதே பந்து திரும்பி வந்து கீப்பர் கையில் விழுந்தது. கீப்பர் ஸ்டம்பைத் தட்டிவிட்டு, கிளவுஸைப் பார்த்தான். கிளவுஸிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்பயர் விரலைத் தூக்கினார். எறிந்தது யார் என்று ஆட்டக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னமுத்து மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த ஓவருக்குக் கேப்டன் ஒருத்தனைத் தேர்ட் மேனுக்கு அனுப்பக் கையைத் தூக்கினான். எல்லைக்கோடு வரைக்கும் இறங்கி வந்திருந்த சோலைமலை அவனை அதட்டினார்.

"அங்க யாரையும் நிறுத்தாதப்பா."

"ஏண்ணே? அந்தப் பக்கம் ஓட்டையாக் கெடக்கே."

அவர் கோணல் விரல்களை இறுக்கி மடக்கிக்கொண்டார். குளிர் இன்னும் போகவில்லை.

"ஆளு நிக்கிது" என்றார்.