துதிக்கை வைத்த லை

பொய்யாக எழுதப்பட்ட எழுத்து, எழுதியவர் அந்தத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குள் கால் வைத்தால் காகிதத்தை விட்டு இறங்கி அவர் விரலில் ஏறிக்கொள்ளும். அதனால் ஆவணங்களைக் கண்ணாடித் தகட்டுக்கு அடியில் வைப்பது அங்கே வழக்கம். ஓடிப்போன எழுத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதில்லை. கையெழுத்து ஆய்வாளர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மிரண்டாள். பிறகு அவளே தகடு வாங்க ஒப்புதல் கேட்டு எழுதும் நிலைக்கு வந்துவிட்டாள்.

கணவனை இழந்த தையல்காரி ஒருத்தி, தன் வீட்டைக் கொழுந்தனுக்கு விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரம் வந்தது. “மனப்பூர்வமாக விடுதலை செய்கிறேன்” என்று கையால் எழுதி, கீழே கையெழுத்து. மாதிரி எழுத வந்த தையல்காரி, விடுதலையின் லையை யானை துதிக்கையைத் தூக்கியதுபோல் பழைய முறையில் எழுதினாள்.

“இப்ப யாரும்மா இப்படி எழுதறாங்க?”

“டீச்சர் அடிச்சுச் சொல்லிக்குடுத்தது மேடம். கை திருந்தமாட்டேங்குது. அந்த வீட்டை நானே எழுதிக் குடுத்தேனாம், வயிறு எரியுது!”

பத்திரத்தில் இருந்ததோ புதிய லை. உருப்பெருக்கியில் பார்த்தால், கோடு பாதி வழியில் தயங்கி நின்று, பேனாவை எடுத்து, மறுபடி வைத்த இடமெல்லாம் தெரிந்தது. எழுதியது இவரல்ல என்று ஆய்வாளர் அறிக்கை தந்தாள்.

இயக்குநர் கூப்பிட்டார். “ஏம்மா, ‘கருத்துக் கூற இயலவில்லை’ன்னு போட்டா உனக்கென்ன குறைஞ்சுடும்?”

“எனக்கொண்ணும் குறையாது சார். அந்தம்மா தெருவுக்கு வந்துடுவாங்க.”

மறுநாள் அனுப்புகைப் பிரிவில் வேறு அறிக்கை கிடந்தது. கருத்துக் கூற இயலவில்லை; கீழே அவள் கையெழுத்து. அவள் போடாதது. இயக்குநர் இன்னும் வந்திருக்கவில்லை.

“உங்க கையெழுத்து உங்களுக்கே அடையாளம் தெரியலையா மேடம்?” என்று எழுத்தர் சிரித்தார். அவள் அறிக்கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

இயக்குநர் வந்ததும் அறிக்கையை அவர் மேசையில் அறைந்து வைத்தாள், தகடு இல்லாமல். கையெழுத்து எழுந்து, மேசை விளிம்பில் ஒரு கணம் நின்று, அவர் ஆள்காட்டி விரலைச் சுற்றிக்கொண்டது. அவர் எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை.

“சோறு போடற தொழில்லயே மண்ணள்ளிப் போடறீங்களே, வெக்கமா இல்ல?” அவள் குரல் தெருவரை கேட்டது.

நீதிமன்றத்தில், எழுத்து ஓடிப்போய்விட்டதே என்று கொழுந்தனின் வக்கீல் குதித்தார். ஓடவில்லை, விரலோடு வந்திருக்கிறது என்றாள் ஆய்வாளர். நீதிமன்ற எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்த விரலுக்குச் சான்றாவண எண் போட்டார். தீர்ப்பு தையல்காரிக்குச் சாதகமாயிற்று. மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. தையல்காரி தன் வீட்டைப் பூட்டிவிட்டு வாய்தாவுக்கு வருகிறாள். ஓய்வுபெற்ற இயக்குநரும் வந்து, பெயர் கூப்பிட்டதும் விரலைக் கண்ணாடித் தகட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, எடுக்கச் சொல்லும்வரை காத்திருக்கிறார்.