அக்கா பறந்து வந்த நாள்

விமானத்தின் வாசலில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. குறுகலான படி, ஏறியதும் பக்கவாட்டில் ஒடித்துத் திருப்ப வேண்டும். சுமை தூக்குபவர்கள் முயன்று பார்த்துவிட்டு மறுபடி கீழே இறக்கினார்கள். அக்காவின் முகத்தில் வெயில் படாமல் தம்பி துண்டை விரித்துப் பிடித்தான்.

"பெரிய ஃப்ளைட்டுனா இந்தத் தொல்லையே இல்ல," என்றார் மேற்பார்வையாளர்.

பெரிய விமானம் அவர்கள் ஊரில் இறங்காது, ஓடுபாதை போதாது. தபால், மருந்துப் பெட்டி, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என்று எல்லாவற்றையும் மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுசேர்ப்பது இந்தச் சின்ன ஜெட்தான். "ரோட்டுல போனா வழியிலயே..." என்று மருத்துவர் பாதியில் நிறுத்தியிருந்தார். ஊரில் அத்தான் பக்கவாதத்தில் படுக்கையாகக் கிடந்தார். அவரை அசைக்க முடியாது. அவரைப் பார்க்க அக்காதான் போயாக வேண்டும்.

விமானி இறங்கி வந்து அவளருகில் குனிந்தார்.

"கொஞ்ச நேரம்தாம்மா. தாங்குவீங்களா?"

"நீ ஒழுங்கா ஓட்டுனா தாங்குவேன்ப்பா."

விமானி சிரித்துவிட்டார். "ஏத்துங்க," என்றார்.

சுமை தூக்குபவர்களில் ஆஜானுபாகுவான ஒருவர் முன்னால் வந்தார். "ஸ்ட்ரெச்சர் வேணாம் சார். அம்மா, நான் தூக்கிக்கட்டுமா?"

அவர் கைகளில் அக்கா ஒரு மடித்த போர்வைபோல் ஏறினாள். "கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை யாரும் இப்படித் தூக்கல. அத்தான்கிட்ட சொல்லிடாதடா."

பின்பக்க இருக்கைகளை மடக்கி, மேலே படுக்கை போட்டிருந்தார்கள். அந்த இடத்துக்காகச் சிலர் மறுநாள் பயணத்துக்கு மாறிக்கொண்டதாகப் பணிப்பெண் சொன்னாள். யாரென்று தம்பி கேட்டான். அவளுக்கும் தெரியவில்லை. நன்றி சொல்ல ஒரு முகம்கூட இல்லாதது அவனுக்கு என்னவோபோல் இருந்தது.

அக்கா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவள். காலமெல்லாம் நின்றுகொண்டே பயணம் போனவள்.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"ஏறியாச்சுக்கா."

"அப்புறம் என்ன? போலாம் ரைட்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விமானம் நகர்ந்தது. மேலே போனதும், "மேகத்தப் பாருக்கா," என்றான். அவள் பார்க்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

இறங்கியதும் பணிப்பெண் ஒலிபெருக்கியில் சொன்னாள்: "அந்த அம்மாவ முதல்ல இறக்கிடலாம். எல்லாரும் கொஞ்சம் உக்காந்திருங்க."

ஒருவரும் எழவில்லை. மேலே பெட்டியை எடுக்க ஒரு கைகூட நீளவில்லை. நடைபாதை ஓரம் இருந்தவர்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அக்காவைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பின்னால் தம்பி இரண்டு பக்கமும் கும்பிட்டபடியே நடந்தான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவான்.

"நம்ம பஸ்ஸுல இப்படி ஒரு நாள் உக்காந்திருப்பாங்களா?" என்றாள் அக்கா, வாசலைத் தாண்டியதும்.

வீட்டில் அத்தானின் கட்டிலை ஒட்டி இன்னொரு கட்டில் போட்டு அவளைப் படுக்கவைத்தார்கள்.

"வந்துட்டியா?" அத்தானுக்கு வார்த்தை குழறியது.

"வராம?"

"பறந்தா வந்தே?"

"பறந்துதான். காலை நீட்டிக்கிட்டு."

தம்பி சமையலறைக்குப் போய்விட்டான். அவர்கள் பேசியது காதில் தெளிவாக விழவில்லை. நடுவில் அக்கா அவரை ஏதோ அதட்டினாள். ஒரு தடவை இருவரும் சிரித்தார்கள். பிறகு வெகுநேரம் சத்தமில்லை.

பொழுது சாயும்போது அத்தான் கூப்பிட்டார். "தம்பி, இங்க வா."

அக்காவின் கை அவர் கைக்குள் இருந்தது. அவளிடம் மூச்சு இல்லை.

"அந்த ஃப்ளைட்காரங்களுக்கு போன் பண்ணு," என்றார் அத்தான்.

"என்னன்னு சொல்ல, அத்தான்?"

"நல்லபடியா கொண்டுவந்து விட்டாங்கன்னு."

அவன் தலையசைத்தான். போனைத் தேடினான்.

"அதுக்கு முன்னாடி அந்தச் சீப்பை எடு. தலை கலைஞ்சிருக்கு."

அத்தானைத் தூக்கி, முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரவைத்தான். நன்றாயிருந்த இடதுகையால் அவர் அவள் தலையை மெதுவாக வாரினார். வகிடு கோணலாக விழுந்தது. தம்பி அதைச் சரிசெய்யவில்லை.