சிரித்துக்கொண்டே தட்டைத் தள்ளுகிறவள்

அழுது அடம்பிடித்து வேண்டாம் என்று சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதற்கெல்லாம் என்னிடம் வைத்தியம் உண்டு. இவள் சிரித்துக்கொண்டே தட்டைத் தள்ளுகிறாள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

"ஜூடி, உருளைக்கெழங்கு வறுவல்டி. ஒனக்குன்னு மொறுமொறுன்னு பண்ணிகிறேன்."

"வேணாம்மா."

ஒன்றாம் வகுப்புப் படிக்கிறவள். முன்பல் இரண்டும் விழுந்த வாயை அகலமாகத் திறந்து சிரித்து, தட்டை ஒரு விரலால் என் பக்கமாக நகர்த்தினாள். பெரிய இடத்துச் சம்பந்தி காபி வேண்டாம் என்பது போல அத்தனை மரியாதை.

"இன்னா வேணாம்? போன மாசம் வரைக்கும் இதுக்குத்தான சட்டியாண்ட வந்து நின்னுகினு உயிர வாங்குவ? இப்போ இன்னா வந்துச்சு ஒனக்கு? நான் இன்னா வேல வெட்டி இல்லாமயா ஒக்காந்துகினு கீறேன்?"

நான் கத்தக் கத்த அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக உதட்டிலேயே காய்ந்தது. ஆனாலும் வறுவலை எடுக்கவில்லை. பக்கத்தில் அவள் தம்பி சாலமன், மூன்று வயது, ரசம் சாதத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தான். அக்கா தள்ளிய தட்டைப் பார்த்ததும் ரசக்கையாலேயே வறுவலை அள்ளினான். அவனைக் குளிப்பாட்டி, இவளுக்குப் பின்னல் போட்டு, இரண்டு பேரையும் கிளப்பிவிட்டு நான் ஆபீஸ் போக வேண்டும். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி அனுப்புகிற ஆபீஸில் பில் போடுகிறேன். லேட்டாகப் போனால் அங்கே என்னைப் பார்த்துக் கத்த ஒருவர் இருக்கிறார்.

என் வீட்டுக்காரர் அலெக்ஸாண்டர் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலே வந்து மோதினாலும் அந்தத் தூக்கம் கலையாது. என் குரலுக்கு மட்டும் கலையும்.

"இன்னா ஜானட்டு, காலங்காத்தால கச்சேரி ஆரம்பிச்சிட்டியா?"

"நீ வந்து ஊட்டேன். வாயா, வந்து ஊட்டு."

போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஆண்பிள்ளைக்குப் போர்வை ஒரு வசதி.

இது சாம்பல் புதன் முடிந்ததிலிருந்து நடக்கிற கூத்து. தபசு காலம் தொடங்கினால் ஈஸ்டர் வரைக்கும் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. மீன், கறி, முட்டை எதுவும் அடுப்பில் ஏறாது. ராயபுரத்தில் மீன்காரம்மா வாசலில் கூவிக்கொண்டு போக, உள்ளே உட்கார்ந்து சுரைக்காய் நறுக்குவதே ஒரு தபசுதான். அதிலும் நான் எதையாவது போட்டுப் புரட்டி, பிள்ளைகள் வாய்க்கு ருசியாகத்தான் செய்வேன். என் கைச்சமையலைக் குறை சொன்னவர்கள் இந்தத் தெருவில் இல்லை. அப்படிப்பட்ட என் சமையலைத்தான் நான் பெற்றது தள்ளுகிறது.

தக்காளி சாதம் செய்தேன். ஒரு வாய் வைத்தாள், கண்ணை மூடினாள், தள்ளினாள். பருப்புருண்டைக் குழம்பு வைத்தேன், தள்ளினாள். சேமியா பாயசத்தை முகர்ந்து பார்த்துவிட்டே தள்ளினாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுத்த டப்பா போன மாதிரியே திரும்பி வந்தது. ஒருநாள் போன் பேசிக்கொண்டே கஞ்சியை அடிபிடிக்க விட்டுவிட்டேன், வீடெல்லாம் தீய்ந்த வாடை. அந்தக் கஞ்சியை வழித்து வழித்துச் சாப்பிட்டாள். என்னைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தேன்.

அலெக்ஸாண்டர் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். பீச் ஸ்டேஷன் பக்கத்தில் பர்மா அத்தோ வண்டிக்குக் கூட்டிப்போனோம். நூடுல்ஸில் புளித்தண்ணியும் பூண்டு எண்ணெயும் பொரித்த வெங்காயமும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். ஜூடி அதற்காகப் பூமியைப் புரட்டுகிறவள். முட்டை இல்லாமல் ஒரு தட்டு வாங்கி அவள் கையில் கொடுத்தோம். எச்சில் விழுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு அதே சிரிப்பு, அதே 'வேணாம்பா'.

"வண்டிக்காரரு இன்னா நெனப்பாரு? அவரு பொழப்புல ஏண்டி மண்ண போடுற?" என்று நடுத்தெருவில் கத்தினேன். போகிறவர் வருகிறவரெல்லாம் என்னைத்தான் பார்த்தார்கள்.

கிளினிக்கில் டாக்டர் எடை குறைந்திருக்கிறது என்றார். டானிக் எழுதினார். "வீட்ல என்னம்மா சாப்பாடு கொடுக்குறீங்க?" என்று அவர் கேட்ட தோரணையில் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இந்த லட்சணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரோஸ்மேரி அண்ணி வீட்டுக்குப் போனோம். அலெக்ஸாண்டருடைய அக்கா, திருவொற்றியூரில் சொந்த வீடு. ஒரே மகன், அவனும் துபாயில். அண்ணி நல்லவர்தான், ஆனால் அவர் சமையலைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. அண்ணியின் வீட்டுக்காரர், பிள்ளைகளுக்கு மாமா, அவருக்குப் பிரஷர் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, புளி இல்லை. சாம்பார் என்று ஒன்று ஊற்றுவார், அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

அந்த வீட்டில் என் மகள் தட்டு நிறையச் சாப்பிட்டாள். ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு நிமிடம் யோசித்து, பிறகு மளமளவென்று உள்ளே தள்ளினாள். அந்தப் புடலங்காயை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள்.

அண்ணியின் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது. "பாத்தியா அலெக்சு? கொயந்த துண்ணாது துண்ணாதுன்னு சொல்லிகினு கெடந்தீங்க. கை ராசின்னு ஒண்ணு கீது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணி அதோடு விடவில்லை.

"ஜானட்டு, தப்பா எடுத்துக்காத. நீயும் வேலைக்குப் போற, ஒனக்கும் பேஜாரு. ஈஸ்டர் வரைக்கும் இவ இங்க இருக்கட்டும். மாமா வண்டியில கொண்டுபோய் ஸ்கூல்ல வுட்டுருவாரு. ஒடம்பு தேறிச்சுன்னா ஜூன்ல இங்கியே ஸ்கூல்ல சேத்துக்கலாம். எனக்கும் பொண்ணு இல்லாத வூடு."

நான் அலெக்ஸாண்டரைப் பார்த்தேன். அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தலையைச் சொறிந்துகொண்டு, "துண்றாளே ஜானட்டு. அதான வேணும்?" என்றார்.

பெற்றவள் வீட்டில் பட்டினி, அத்தை வீட்டில் பந்தி. அந்த வாரம் முழுக்க இன்னும் விழுந்து விழுந்து சமைத்தேன். தேங்காய்ப்பால் சாதம், வாழைப்பூ வடை, கோஸ் போண்டா. ஒவ்வொன்றும் முன்னதைவிட ருசி, ஒவ்வொன்றுக்கும் முன்னதைவிடப் பெரிய சிரிப்பு, அதற்கேற்ற கத்தல். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் முழங்காலில் நிற்கும்போதே அவளுக்கு மயக்கம் வந்தது. தூக்கி வந்து தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். இரவு அவளுடைய கவுன்களையும் யூனிபார்மையும் ஒரு பையில் மடித்து வைத்தேன். ஒவ்வொரு துணியை மடிக்கும்போதும் அழுகை வந்தது. நான் தோற்றுவிட்டேன், வேறென்ன?

சனிக்கிழமை மத்தியானம் பையோடு போய் இறங்கினோம். அண்ணி வாசலிலேயே நின்றார். மாமா வேலூரில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். "அவரு இல்லல்ல, இன்னிக்கு கொயந்தைக்குன்னு உப்பு ஒறப்பெல்லாம் போட்டு செஞ்சிகிறேன்" என்றார். உள்ளே நுழைந்ததும் மூக்குக்கே தெரிந்தது. நெய் மணக்கிற வெஜிடபிள் பிரியாணி, வெங்காயப் பச்சடி, பொரித்த அப்பளம். நான் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. இனி ஜூடி இந்த வீட்டை விட்டு வரவே மாட்டாள் என்று நினைத்தேன்.

ஜூடி ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். மெதுவாக மென்றாள். பிறகு அண்ணியைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்து, தட்டை ஒரு விரலால் நகர்த்தினாள்.

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாடி கண்ணு, புடிக்கலியா?"

"நல்லா கீது அத்த. அதான் வேணாம்."

"அன்னிக்கு அவ்ளோ துண்ணியே?"

"அன்னிக்கு நல்லா இல்லியே."

அலெக்ஸாண்டருக்குப் புரையேறியது. அண்ணி கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். நான் சாலமனைக் கீழே இறக்கிவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஜூடி, இன்னாடி சொல்ற? ஒழுங்கா சொல்லு."

"சொல்லக்கூடாதும்மா."

"யாரு சொல்லக்கூடாதுன்னாங்க?"

கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு உடைந்தாள். "மறைக்கல்வி கிளாஸ்ல சிஸ்டர் சொன்னாங்க. தபசு காலத்துல நமக்குப் புடிச்சத ஏசப்பாவுக்காக வுட்டுறணுமாம். யாராண்டயும் சொல்லக்கூடாதாம். மூஞ்ச தூக்கி வச்சிக்காம சிரிச்சிகினே வுடணுமாம். அதுக்குப் பேரு ஒறுத்தல்."

"ஏதாச்சும் ஒண்ண வுடச் சொல்லிருப்பாங்கடி. மிட்டாய், டிவி, அந்த மாதிரி. எல்லாத்தையுமா வுடுவாங்க?"

"எது ரொம்பப் புடிக்கும்னு யோசிச்சேம்மா. நீ பண்றது எல்லாமே புடிக்குது. ஒண்ண மட்டும் வுட்டா ஏமாத்துறதுல்ல?"

கிளினிக், டானிக், மயக்கம், கை ராசி எல்லாம் எங்கேயோ பறந்தது. நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தேன். "கேட்டீங்களா அண்ணி?" என்று வாய்விட்டே கேட்டேன். ஆமாம், கேட்டேன். அத்தனை நாள் பட்டதுக்கு அதுகூடக் கேட்கக்கூடாதா?

அண்ணி தம்பியிடம் திரும்பி, "அப்போ என் சமையல் அவ்ளோ கேவலமாடா?" என்றார். அலெக்ஸாண்டர் அப்பளத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜூடியை மடியில் இழுத்து உட்கார வைத்தேன். என் பெண் என் சமையலை விட்டுக்கொடுத்து அப்படி எதைத்தான் கேட்டிருக்கிறாள் என்று தெரிய வேண்டியிருந்தது. எல்லார் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே கேட்டேன்.

"ஏசப்பாவாண்ட இன்னா கேட்டு வேண்டிக்கின கண்ணு? சைக்கிளா? அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வேணாம்னா?"

ஜூடி என் தாலிச் சங்கிலியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "சோறு துண்றப்போ அம்மா கத்தக்கூடாதுன்னு."

அண்ணி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். சாலமன் மேசைக்கடியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"நெறய வுட்டேம்மா," என்றாள், என்னை ஏதோ சமாதானப்படுத்துகிற மாதிரி. "அத்தோகூட வுட்டேன். ஆனா நீ இன்னும் ஜாஸ்தியாத்தான் கத்துன. அதான் இன்னும் நல்லா வுடணும்னு நெனச்சேன்."

எனக்கு அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. பிள்ளை சாப்பிடவில்லை என்றால் எந்தத் தாய்தான் கத்தமாட்டாள்? பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாட்டா பாடுவாள்? ஆனால் இதை யாரிடம் சொல்வது? அண்ணி பையை எடுத்து அலெக்ஸாண்டர் கையில் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். வழி முழுக்க அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். "நான் ஒண்ணும் சொல்லலபா" என்று மட்டும், நான் கேட்காமலே, ஒருதரம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றை விட்டால் போதும், மிட்டாயை விடு என்றேன். அவள் மசியவில்லை. ஏசப்பாவிடம் சொல்லியாகிவிட்டதாம், நடுவில் மாற்றினால் செல்லாதாம். ஞாயிற்றுக்கிழமை நான் போய் முறையிட்டதும் சிஸ்டரே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். அவரிடமும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்து என் குழம்பைத் தள்ளினாள்.

ஆகவே திங்கட்கிழமை காலையில், ராயபுரமே மெச்சிய நான், உப்புமா கிண்டினேன். உப்பு போடவில்லை. வெங்காயத்தை வதக்கவில்லை. கடுகு தாளிக்கவில்லை. கட்டிகட்டியாக, வெள்ளை வெளேரென்று, பசை மாதிரி இறக்கினேன். என் கையே கூசியது.

ஜூடி ஒரு வாய் எடுத்து வைத்தாள். கண்ணைத் திறந்தபடியே மென்றாள். "நல்லாவே இல்லம்மா!" என்று அத்தனை சந்தோஷமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். அவள் கன்னம் அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து சாலமன் தன் கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தான். பால் முழுக்க என் ஆபீஸ் புடவையில். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினேன். "பரவால்ல ராஜா" என்றேன். அந்தக் குரல் என்னுடையதே இல்லை. உள்ளே படுத்திருந்த அலெக்ஸாண்டர் போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

ஜூடி மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் புடவையைத் துடைத்து முடிக்கிற வரைக்கும் பார்த்தாள்.

"கத்தலியேம்மா நீ!"

"கத்தலடி. இனிமே கத்தமாட்டேன். அம்மா சொல்றேன்ல? அதுக்காவ நீ இப்டி துண்ண வேணாம். இரு, கொஞ்சம் சக்கரையாச்சும் போட்டுத் தரேன்."

சர்க்கரை டப்பாவைத் திறந்து கரண்டியை எடுத்து வந்தேன். அவள் அந்தக் கரண்டியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாம்மா. ஏசப்பா இப்பத்தான் கேட்டுகினு கீறாரு," என்று சொல்லி, இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டாள்.