வேதசிரோமணியின் தோல்

வேதசிரோமணி உயிரோடிருந்தவரை, வீட்டில் எது நடந்தாலும் முதலில் அவர் தோலில்தான் தெரியும். கல்யாணமான புதிதில் முழங்கையில் காசளவு இருந்த படை, மகள் ஜோதி பிறந்தபோது முதுகுக்குப் பரவியது. தம்பி பாகம் கேட்டுச் சண்டை போட்ட வருஷம் தலையெல்லாம் செதிலாக உதிர்ந்தது. சண்டை ஓய்ந்ததும் அதுவும் ஓய்ந்தது. சொரியாசிஸ், ஒட்டாது என்றார் டாக்டர். அவர்கள் குடியிருந்த சிட்லபாக்கத்தில் அதைக் குஷ்டம் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஜோதியைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அந்த வாரமே அவருடைய இரண்டு கைகளும் சிவந்து வெடித்துவிட்டன.

"நான் உள் ரூம்ல இருந்துக்கிறேன். ஆபீஸ் வேலையா கேம்ப் போயிருக்கார்னு சொல்லிடு," என்றார் மனைவியிடம்.

"பொண்ணோட அப்பா இல்லாமலா?" என்றாள் ஞானசௌந்தரி.

"இந்தக் கையைப் பார்த்தா காப்பியே குடிக்க மாட்டாங்க, சௌந்தரி. இதை விட்டா இப்படி ஒரு இடம் அமையாது."

அவர்கள் வரும் நாளில் அவளே உள் ரூம் கதவைச் சாத்தினாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தார்கள். எலியேசர், அவர் மனைவி ரத்தினபாய், மகன் சுந்தர்சிங்; அவன்தான் மாப்பிள்ளை. ஜோதியை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. சௌந்தரிக்குத்தான் சாத்திய கதவை விட்டுக் கண் நகரவில்லை. கிளம்பும்முன் எலியேசர் எழுந்து ஜெபித்தார்.

"பிரயாணத்தில் இருக்கிற எங்கள் சகோதரன் வேதசிரோமணியைச் சுகமாய்த் திரும்பி வரப்பண்ணும், பிதாவே."

"ஆமென்," என்றார்கள். கதவுக்குப் பின்னாலிருந்தும் கனத்த குரலில் ஒரு ஆமென் வந்தது. பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வாய்.

எல்லோரும் கண் திறந்து அந்தப் பக்கம் திரும்பினார்கள். கதவு திறந்தது. வேதசிரோமணி கைகளை மறைக்காமல் வந்து நின்றார்.

"மன்னிக்கணும் சார். இதுக்காகத்தான் ஒளிஞ்சேன்."

ரத்தினபாய் முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

"ஒட்டாதுங்க," என்று சௌந்தரி தன் கைகளை நீட்டினாள். "இத்தனை வருஷமா நான்தான் மருந்து தடவுறேன். பாருங்க."

"அது சரிம்மா. பொண்ணுக்கு வருமா?" என்றாள் ரத்தினபாய்.

வராது என்று சொல்லிவிட சௌந்தரி வாயெடுத்தாள்.

"வரலாம்," என்றார் வேதசிரோமணி. "வராமலும் போகலாம். டாக்டர் அவ்வளவுதான் சொன்னார்."

ஜோதி சுந்தர்சிங்கை நேராகப் பார்த்தாள்.

"வந்தா நீங்க மருந்து தடவுவீங்களா?"

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"ரயிலுக்கு நேரமாயிடும், ஆன்ட்டி," என்றாள் ஜோதி. அப்பாவின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். வந்தவர்கள் செருப்பு மாட்டும்வரை அந்தக் கையை அவள் விடவில்லை.