மற்றவை என்னும் கட்டம்

யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று அளக்க வந்த ஆலோசனை நிறுவனத்தார் கொடுத்த தாளில் கால் மணிக்கு ஒரு கட்டம். பொருளைப் பதிந்தது, அனுப்பியது, இருப்பைச் சரிபார்த்தது என்று நாலைந்து தலைப்புகள். எதிலும் அடங்காதவை 'மற்றவை'. பம்பு உதிரிபாகக் கிடங்கின் எழுத்தர் அதை இரண்டு வாரம் உள்ளது உள்ளபடி நிரப்பினாள். பாதி நாள் மற்றவையில் போய் விழுந்தது.

ஃபிட்டர் தலையில் அடித்துக்கொண்டான். "நாங்க எல்லாரும் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டோம். உங்களுக்கு மட்டும் ஏன்க்கா இந்த உண்மை விளம்பற வேலை? மற்றவை கால் பங்கைத் தாண்டினா சீட்டைக் கிழிச்சிடுவாங்களாம்."

அவள் நிரப்பிய தாள்களை எடுத்து 'மற்றவை'களை மறுபடி எண்ணினாள். கணவரின் கம்பெனி மூடி மூன்று மாதம். வீட்டில் இப்போது இவள் சம்பளம் ஒன்றுதான். ஆனாலும் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று அரித்தது: பாதி நாள் அப்படி என்னதான் செய்கிறேன்?

திங்கட்கிழமை ஆலோசகரே வந்து பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். முப்பது வயதிருக்கும். மடியில் லேப்டாப்.

"நான் இல்லைன்னு நினைச்சு வேலையைப் பாருங்க மேடம்."

"மூக்குக்கு நேரா உக்காந்துட்டு இல்லைன்னு எப்படிங்க நினைக்கறது?"

ஆட்கள் வந்தார்கள். "அக்கா, பழைய மாடலுக்கு இந்த வாஷர் சேருமா?" "சேராது. ரெண்டாவது வரிசை, நீல டப்பா." லாரி டிரைவருக்கு எந்தக் கடையில் எத்தனை மணிக்கு இறக்க விடுவார்கள் என்று தெரியவேண்டும். எல்லாவற்றுக்கும் தலை நிமிராமல் பதில் சொன்னாள்.

பிறகு வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. அவள் கண் அவர் திரைக்குப் போனது. அதே கட்டங்கள்.

"உங்களுக்குமா?"

"எங்களுக்கும்தான். வாராவாரம் அனுப்பணும்."

"இப்ப இங்க உக்காந்திருக்கீங்களே, இது எதுல வரும்?"

அவர் பின்கழுத்தைச் சொறிந்தார். "மற்றவைல."

"அது கூடினா?"

"அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க."

அவள்தான் முதலில் சிரித்தாள்.

அன்று மதியமே ஓர் அட்டைப்பெட்டியை மேசையில் வைத்தாள். கேட்க வருகிறவர்கள் கேள்வியைத் துண்டுத்தாளில் எழுதிப் போட்டுவிட்டுத்தான் கேட்கவேண்டும். "வாயில கேட்டா பத்தாதா? பரீட்சையா வைக்கறீங்க?" என்று ஃபிட்டர் முனகினான், எழுதியும் போட்டான்.

தினமும் வந்து உட்கார்ந்த ஆலோசகர் வெள்ளிக்கிழமை பெட்டியைக் கவிழ்த்து எண்ணினார். நூற்று எண்பத்தாறு கேள்விகள். பிறகு திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். "போன வருஷம் இந்தப் பத்து நாள் மட்டும் தப்பா போய்த் திரும்பி வந்த பெட்டி மூணு மடங்கு. அப்ப என்ன நடந்தது?"

அவள் தேதியைப் பார்த்தாள். "எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். லீவுல இருந்தேன்."

அவர் அவள் தாளைத் திரையில் திறந்தார். அவள் வரிசையில் 'மற்றவை'யை அழித்தார். "என்ன பேர் போடலாம்?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னதுன்னு போடுங்க."

அப்படியே அடித்தார். பக்கத்துக் கட்டத்தில் 'இந்தப் பணியிடம் குறைக்கப்படக் கூடாது' என்றும் சேர்த்தார். அதை அவள் இரண்டு முறை படித்தாள்.

அவர் போனபின் தாள்களை அள்ளிப் பெட்டியில் போடும்போது பழக்கமில்லாத கையெழுத்தில் ஒன்று கிடைத்தது.

'உங்கள் மற்றவைக்குப் பெயர் வைத்தாயிற்று. இந்த ஐந்து நாளுக்கு என்னுடையதில் என்ன எழுதுவது?'

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாசலில் ஃபிட்டர் எதையோ கேட்டுக்கொண்டு நின்றான். கொஞ்சம் பொறு என்று கை காட்டினாள்.